'டினைட்' என்று கடிதம் வந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் படையில் இருந்துவிட்டு ஊரோடு வந்து இருப்பவர்கள், பிள்ளைகளை அங்கே படையில் விட்டிருப்பவர்கள் என்று யாழ்ப்பாணத்தின் பல பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் அமெரிக்கப் படையிலா என்று கேட்பவர்களுக்கு: 2008இல் தொடங்கிய 'மாவ்னி' திட்டத்தில் கிரீன் கார்ட் இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்தார்கள். குடியுரிமை எடுத்துச் சேர்ந்தவர்கள் வேறு. இயலாமைக் கொடுப்பனவுக்கான கிளெய்மை 'வி.ஏ.' என்ற முன்னாள் படைவீரர் திணைக்களம் மறுத்துவிட்டது, இப்போது புதிய மருத்துவச் சான்று கையில் இருக்கிறது, இனி என்ன என்பதுதான் பெரும்பாலான கேள்வி.

என் தம்பி 2010 முதல் 2014 வரை அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். முழங்கால் நோவுக்குப் போட்ட கிளெய்மை 2022இல் மறுத்துவிட்டார்கள். இப்போது இங்கே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூட்டுச் சவ்வு கிழிந்திருப்பது தெரிகிறது. அதை அனுப்பினால் கிளெய்ம் திரும்பத் திறக்குமா?
— வாசகி, மானிப்பாய்

திறக்கும். காசு கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

2019 பெப்ரவரி 19 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி இதற்குப் பெயர் சப்ளிமென்டல் கிளெய்ம், அதாவது துணைக் கோரிக்கை. படிவ இலக்கம் 20-0995. கேட்பது ஒன்றுதான்: சான்று புதியதாகவும் தொடர்புடையதாகவும் இருக்கவேண்டும். புதியது என்றால் முந்தைய தீர்ப்பின்போது அவர்களுடைய கோப்பில் இல்லாதது. தொடர்புடையது என்றால் மறுப்புக்குக் காரணமான விடயத்தை நிறுவவோ மறுக்கவோ உதவுவது. இந்த எம்.ஆர்.ஐ. இரண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் அனுப்புவதற்கு முன் தம்பியிடம் 2022ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் 'டினைட்' (மறுக்கப்பட்டது) என்ற சொல்லைக் கண்டதும் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவதுதான் எல்லாரும் செய்வது. உள்ளே இருக்கும் பக்கங்களில்தான் விடயம் இருக்கிறது. எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று அதில் எழுதியே தீரவேண்டும் என்பது சட்டம். நிபந்தனைகள் மூன்று: இப்போது ஒரு நோய் அல்லது காயம் இருப்பது, சேவைக் காலத்தில் ஏதோ நடந்திருப்பது, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. அடுப்புக் கல் மூன்றில் எது இல்லாவிட்டாலும் பானை நிற்காது.

'தற்போது நோய் உறுதிப்படவில்லை' என்று மறுத்திருந்தால் எம்.ஆர்.ஐ. சரியான இடத்தில் விழுகிறது. 'சேவையோடு தொடர்பு காட்டப்படவில்லை' என்று மறுத்திருந்தால் அது கதவைத் திறக்குமே தவிர உள்ளே கொண்டுபோகாது. இன்றைய கிழிவு 2012இல் நடந்த பயிற்சி விபத்தில் வந்ததா, போன வருடம் மோட்டார் சைக்கிளில் விழுந்து வந்ததா என்று படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். கீழே உள்ள பதிலைப் பாருங்கள்.

அதே கடிதத்தில் 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்' என்று ஒரு சிறு பகுதி இருக்கும். தம்பிக்குச் சாதகமாக ஏற்றுக்கொண்டவை அங்கே இருக்கும்: உதாரணமாக, '2012இல் முழங்கால் அடிபட்டது சேவைப் பதிவேட்டில் உண்டு'. அடுத்த அதிகாரி அதை இலேசில் மாற்ற முடியாது. அதைத் திரும்ப நிறுவ மினக்கெட வேண்டாம்; இல்லாத கல்லைத் தேடுங்கள். முன்பு அனுப்பிய கடதாசிகளையே திரும்பக் கொப்பி அடித்துக் கட்டுக்கட்டாக அனுப்புவதும் வீண், அவை புதியவை அல்ல.

பெரியாஸ்பத்திரி வைத்திய நிபுணர் ஒருவர் கடிதம் தரச் சம்மதித்திருக்கிறார். அதில் என்ன இருக்கவேண்டும்?
— வாசகர், உரும்பிராய்

எங்கள் ஊரில் டொக்டர் கடிதம் என்றால் அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 'திஸ் இஸ் டு சேர்டிஃபை தட்' என்று தொடங்கும். இன்னார் இன்ன வருத்தத்துக்கு என்னிடம் கிளினிக் வருகிறார், உரிய உதவியைச் செய்யவும் என்று நாலு வரியில் முடியும். கீழே ரப்பர் முத்திரை. லீவு எடுக்க அது போதும். வி.ஏ.க்கு அது முதலாவது கல்லை மட்டும்தான் தரும்.

நீங்கள் கேட்கவேண்டியது 'நெக்சஸ்' கடிதம், இணைப்பைச் சொல்லும் கடிதம். அதில் முதலில், டொக்டர் எந்தெந்தப் பதிவுகளைப் பார்த்தார் என்று திகதியோடு இருக்கவேண்டும்: சேவைக்கால மருத்துவப் பதிவு, டி.டி. 214 என்ற படைவிலகல் சான்றிதழ், இங்கே எடுத்த ஸ்கான். அவற்றின் கொப்பியை நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அவருடைய மேசையில் அவை தானாக வந்து இராது. பிறகு நோயின் பெயர். அதன்பின் கருத்து. சட்டம் கேட்கும் அளவு ஐம்பதுக்கு ஐம்பது. அதற்கென்று ஒரு வாசகமே உண்டு: 'அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நொட்'. சேவையால் வந்திருப்பதற்கான வாய்ப்பு, வராமல் இருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்தபட்சம் சமம் என்று பொருள். தராசு சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு.

எங்கள் டொக்டர்மார் பண்பாக 'மே பி', 'குட் பி', 'பொசிபிளி' என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொற்கள் வந்தால் கடிதம் எடுபடாது. ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மறுபக்கம், நூறு வீதம் நிச்சயம் என்று எழுதவும் தேவையில்லை. நேர்மையான டொக்டர் தயங்குவது பெரும்பாலும் நிச்சயம் கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான். ஐம்பது வீதம் போதும் என்று சொன்னால் தயக்கம் குறையும்.

கடைசியாக, ஏன் என்ற விளக்கம். கடிதத்தின் உயிர் இதுதான். காரணம் இல்லாத கருத்தை, எத்தனை பட்டம் பெற்றவர் எழுதினாலும், வி.ஏ. பரிசோதகரின் காரணமுள்ள கருத்து தோற்கடித்துவிடும். இன்ன திகதியில் அடிபட்டது, அதன்பின் இத்தனை முறை முறையிட்டார், இந்த வகைக் கிழிவு இப்படியான திருகலில் வருவது, இடையில் வேறு விபத்து இல்லை என்று நாலைந்து வாக்கியம் இருந்தால் போதும். வி.ஏ. பரிசோதகர் முன்பு எதிராக எழுதியிருந்தால் அவர் எதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

முழங்கால் என்றால் ஒரு அளவும் வேண்டும். 'மடிக்கக் கஷ்டம்' என்பது போதாது. கோனியோமீட்டர் என்ற கோணமானியை வைத்து எத்தனை பாகை மடிகிறது, எந்தப் பாகையில் நோவு தொடங்குகிறது, பலமுறை மடித்தபின் எவ்வளவு குறைகிறது என்று எழுதவேண்டும். மடிப்பு 45 பாகையோடு நின்றால் இயலாமை 10 வீதம், 30 பாகையோடு நின்றால் 20, 15 பாகையோடு நின்றால் 30 என்று அட்டவணை இருக்கிறது.

இனிப் பெயர். இங்கே ஆஸ்பத்திரித் துண்டில் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் வயதும் மட்டும் இருக்கும். அமெரிக்கக் கோப்பில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக, பிறந்த திகதியோடு இருக்கும். வாசிக்கிறவருக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த திகதி, டொக்டரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு தாளின் மேலும் வி.ஏ. கோப்பு இலக்கத்தை எழுதுங்கள். இரு பெயரும் ஒருவரே என்று கையொப்பமிட்ட கூற்று ஒன்றும் வையுங்கள்.

வார்ட்டில் இருந்து துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் ஒரு சுருக்கம்தான். முழு விபரம் ஆஸ்பத்திரியில் தங்கும் 'பெட் ஹெட் டிக்கெட்' என்ற நோயாளிக் கோப்பில் இருக்கிறது. அதன் கொப்பி தேவை என்றால் கார்ட்டில் உள்ள இலக்கத்தைக் குறிப்பிட்டு வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கிளினிக் கொப்பியில் உள்ள கையெழுத்து எங்களுக்கே விளங்காது. டொக்டரிடம் கேட்டு முக்கியமான பக்கங்களை டைப் செய்து அசலோடு இணைத்துவிடுங்கள். தமிழில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி நல்லது.

முதல் கிளெய்ம் 2022 ஜூலை 5. மறுப்புக் கடிதம் 2023 மே 10. டொக்டர் கடிதம் கிடைத்து 2024 நவம்பர் 20இல்தான் துணைக் கோரிக்கை போட்டோம். பிந்தியதால் நட்டமா?
— வாசகர், கொடிகாமம்

கோரிக்கை செல்லும், அதற்குக் காலக்கெடு இல்லை. நட்டம் திகதியில்.

மறுப்புக் கடிதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள், அதாவது 2024 மே 10க்குள் அவர்கள் கையில் கிடைத்திருந்தால் முதல் கிளெய்மின் திகதி உயிரோடு இருந்திருக்கும். வென்றால் 2022 ஓகஸ்ட் 1 முதல் காசு எண்ணப்படும். இப்போது 2024 நவம்பர் 20தான் உங்கள் திகதி. காசு டிசம்பர் 1 முதல். இடையில் 28 மாதம் போய்விட்டது. மனைவி, பிள்ளை இல்லாத ஒருவருக்கு 30 வீதம் என்று வைத்து அந்தந்த வருட மாத விகிதத்தில் (467.39, 508.05, 524.31 டொலர்) கூட்டினால் சுமார் 14,258 டொலர்.

மற்ற வாசகர்களுக்கு: டொக்டர் கடிதம் பிந்துகிறது என்றால் வருடம் முடியுமுன் கையில் இருக்கும் வேறொரு புதிய சான்றோடு, ஒரு ஸ்கான் அல்லது வீட்டாரின் கூற்றோடு, படிவத்தைப் போட்டுவிடுங்கள். அதையும் மறுத்தால் அந்த மறுப்பில் இருந்து இன்னொரு வருடம் கிடைக்கும், பழைய திகதியும் அறாது. எண்ணப்படுவது நீங்கள் தபாலில் போட்ட நாள் அல்ல, அவர்களுக்குக் கிடைத்த நாள். வி.ஏ. தபாலைப் பெறும் விஸ்கொன்சின் மாநிலம் ஜேன்ஸ்வில்லுக்குப் பதிவுத்தபால் எப்போது போய்ச் சேரும் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து கணக்குப் பார்க்க வேண்டாம். இணையத்தில் ஏற்றி, கிடைத்ததற்கான பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

மகன் அமெரிக்க இராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். காது கேட்பது குறைவு, எப்போதும் இரைச்சல். 'சிறுவயதில் போர்ப் பிரதேசத்தில் வளர்ந்ததால் முன்பே இருந்திருக்கலாம்' என்று மறுத்துவிட்டார்கள். ஷெல்லடிக்குள் வளர்ந்தது உண்மைதானே, இனி வாய்ப்பு உண்டா?
— தாயார், கோப்பாய்

உண்டு. இந்தக் காரணத்தால் வந்த மறுப்புத்தான் மற்றவற்றைவிட எதிர்க்கத் தக்கது.

படையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு குறை எழுதப்படாவிட்டால் அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை உடைக்க வி.ஏ. தான் இரண்டை நிறுவவேண்டும்: குறை முன்பே இருந்தது, சேவையில் அது மோசமாகவும் இல்லை. இரண்டுக்கும் ஐயத்துக்கு இடமில்லாத தெளிவான சான்று வேண்டும். 'இருந்திருக்கலாம்' என்பது சான்று அல்ல. நீங்கள் பதுங்கு குழிக்குள் இருந்ததும் சான்று அல்ல. அங்கே இருந்த எல்லாருக்கும் காது போகவில்லை.

எனவே தேடவேண்டியது மகன் சேரும்போதும் விலகும்போதும் எடுத்த ஓடியோகிராம்கள், அதாவது காது கேட்கும் பரிசோதனைத் தாள்கள். சேவைக்கால மருத்துவப் பதிவை எஸ்.எஃப். 180 படிவத்தில் கேட்டுப் பெறலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 3000, 4000 ஹேர்ட்ஸ் வரிகளைப் பாருங்கள். சேரும்போது 10 டெசிபல், விலகும்போது 30 என்று ஏறியிருந்தால் அந்த ஏற்றம்தான் உங்கள் வழக்கு. விலகும்போது வி.ஏ. கணக்கில் 'செவிட்டுத்தன்மை' என்ற எல்லையைத் தொட்டிருக்கவேண்டும் என்றில்லை. இன்று தொட்டால் போதும். எல்லை இதுதான்: 500 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான ஐந்தில் ஏதாவது ஒன்றில் 40 டெசிபல் அல்லது அதற்கு மேல், அல்லது மூன்றில் 26 அல்லது அதற்கு மேல், அல்லது மேரிலாண்ட் சி.என்.சி. என்ற, கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும் சொற்சோதனையில் 94 வீதத்துக்குக் குறைவு.

அந்தச் சொற்சோதனை ஆங்கிலத்தில் உள்ளது. இங்கே ஈ.என்.டி. கிளினிக்கில் எடுக்கும் ஓடியோகிராமில் அது இராது. ஆகவே உங்கள் ரிப்போர்ட் கோரிக்கையைத் திறக்கும், கருத்துக்குத் துணை நிற்கும்; வீதத்தைத் தீர்மானிக்க அவர்களே பரிசோதிப்பார்கள். மகனுக்கு ஆங்கிலச் சொற்களில் தடுமாற்றம் உண்டென்றால் மொழிச் சிக்கலால் சொற்சோதனை பொருந்தாது என்று பரிசோதகர் சான்றளிக்கலாம். அப்போது டெசிபல் கணக்கை மட்டும் வைத்து வேறு அட்டவணையில் பார்ப்பார்கள்.

ஷெல்லடியை மறைக்கச் சொல்லாதீர்கள். முன்பு சொன்னது கோப்பில் கிடக்கிறது. இப்போது மாற்றிச் சொன்னால் சொல்வது எல்லாமே சந்தேகமாகிவிடும். ஈ.என்.டி. டொக்டரே கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, சேரும்போது கேட்கும் திறன் சாதாரணமாக இருந்தது, ஏற்றம் பீரங்கிப் பிரிவுக் காலத்தில் வந்தது என்று எழுதட்டும். இரைச்சலுக்கு ஒரு காதோ இரு காதோ 10 வீதம்தான். எப்போது தொடங்கியது என்று மகன் தானே எழுதும் கூற்றுக்கும் அங்கே மதிப்பு உண்டு, அது அவருக்கு மட்டும் கேட்கும் சத்தம்.

மன வடுவுக்கான கிளெய்மிலும் இதே சிக்கல் எங்கள் பிள்ளைகளுக்கு வரும். அணுகுமுறையும் இதுவே.

துணைக் கோரிக்கை போட்டுவிட்டுச் சுன்னாகத்தில் இருக்கிறேன். பரிசோதனைக்கு எப்படிக் கூப்பிடுவார்கள்? போகாவிட்டால்?
— முன்னாள் படைவீரர், சுன்னாகம்

தக்க காரணம் இல்லாமல் போகாவிட்டால் துணைக் கோரிக்கை மறுக்கப்படும். முதன்முதலாகப் போடும் கிளெய்மில் இருப்பதை வைத்துத் தீர்ப்பார்கள். துணைக் கோரிக்கையில் அந்தச் சலுகை இல்லை. கடும் சுகவீனம், நெருங்கிய உறவினரின் மரணம் தக்க காரணமாகும். அதை உடனே எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

தவறவிடுவதற்கு இங்கே வழக்கமான காரணம் தொலைபேசி. தெரியாத வெளிநாட்டு இலக்கம், இரவு நேரம், எடுக்காமல் விட்டுவிடுகிறோம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. கோரிக்கை போட்டபின் அந்த நேரத்தில் வரும் அழைப்புகளை எடுங்கள். கோப்பில் பழைய நியூஜெர்சி முகவரி கிடந்தால் மாற்றுங்கள். 'கோயிலடி, மூன்றாம் ஒழுங்கை' என்பது தபால்காரருக்கு விளங்கும், மற்றவர்களுக்கு விளங்காது. தபாற் குறியீட்டோடும் மின்னஞ்சலோடும் கொடுங்கள்.

ஹையர் லெவல் ரிவியூ விரைவு என்கிறார்கள். அதைப் போடலாமா?
— வாசகர், நெல்லியடி

புதிய சான்று கையில் இருந்தால் வேண்டாம். 20-0996 படிவத்தில் செல்லும் அந்த மேல்நிலை மீளாய்வு பழைய கோப்பை மட்டும் பார்க்கும். டொக்டர் கடிதத்தை இணைத்தாலும் படிக்கமாட்டார்கள். இருந்த சான்றையே தவறாக வாசித்தார்கள் என்றால் மட்டும் அது சரி.

கணவரின் சேவைக்கால மருத்துவப் பதிவு கிடைக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்களா?
— வாசகி, சாவகச்சேரி

எடுப்பார்கள். படிவம் 21-10210. கண்டதை மட்டும் எழுதுங்கள். 'இவருக்கு முள்ளந்தண்டுத் தட்டு விலகியிருக்கிறது' என்று நீங்கள் எழுதினால் பயனில்லை, நீங்கள் டொக்டர் அல்ல. '2013 லீவில் வந்தபோது குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாமல் கதிரையில் இருந்து கட்டினார், பாயில் படுக்க முடியாமல் கட்டில் வாங்கினோம்' என்று எழுதினால் அது சான்று. அவரோடு ஒரே பிரிவில் இருந்தவர் ஒருவரும் எழுதினால் இன்னும் நல்லது.

பதிவு பிற்காலத்தில் கிடைத்தால் விடாதீர்கள். முதல் தீர்ப்பின்போதே இருந்தும் கோப்பில் சேராத சேவைப் பதிவு வெளிவந்தால் முழுக் கிளெய்மையும் மீளப் பார்க்கவேண்டும். அதன் அடிப்படையில் வென்றால் திகதி முதல் கிளெய்ம் வரை பின்னோக்கிப் போகலாம். கொடிகாமம் வாசகருக்குச் சொன்ன ஒரு வருடக் கணக்கு இங்கே தடையில்லை.

ஒருவர் முன்பணம் கேட்கிறார். '100 வீதம் எடுத்துத் தருவேன்' என்கிறார்.
— வாசகர், நல்லூர்

கொடுக்காதீர்கள். காசு வாங்கிக் கிளெய்ம் நடத்த வி.ஏ.யின் அங்கீகாரம் வேண்டும். பெயரை அவர்களுடைய இணையப் பட்டியலில் பார்க்கலாம். அங்கீகாரம் உள்ள சட்டத்தரணியும் முகவரும்கூட முதல் தீர்ப்பு வருமுன் செய்த வேலைக்குக் கட்டணம் எடுக்க முடியாது. அதன்பின் நிலுவைத் தொகையில் 20 வீதம் வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நியாயமற்றது என்றும் கருதப்படும். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் இலவசமாகச் செய்கின்றன. 21-22 படிவத்தில் நியமிக்கலாம்.

பெறாமகன் கனடியப் படையில் இருந்தவர். அவருக்கும் இதே வழியா?
— வாசகர், வட்டுக்கோட்டை

இல்லை, அது முற்றிலும் வேறு சட்டம். புதிய மருத்துவச் சான்று இருந்தால் முதலில் கனடிய முன்னாள் படைவீரர் திணைக்களத்திடமே மீளாய்வு கேட்கலாம். அல்லது மீளாய்வு மற்றும் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். அங்கே முதல் விசாரணையில் அவர் நேரில் சாட்சி சொல்லலாம். அடுத்த கட்ட மேன்முறையீட்டில் வாய்மொழிச் சாட்சி இல்லை, எழுத்துச் சான்றும் வாதமும் மட்டும். அங்கும் தோற்றபின் புதிய சான்று வந்தால் மறுபரிசீலனை கேட்க இடமுண்டு. பென்ஷன் வழக்கறிஞர் பணியகத்தின் சட்டத்தரணிகள் இவற்றை இலவசமாக நடத்துவார்கள், ஆகவே வெளியில் காசு கொடுத்து ஆள் பிடிக்குமுன் அவர்களை அழைக்கச் சொல்லுங்கள்.